அம்மன் கேட்ட கட்டில்

1949 ஆகஸ்ட் 9, செவ்வாய்

தொண்டை வலி. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. பள்ளிக்கூடம் போகவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்று கணக்குப் பரீட்சை.

குற்றவாளி இசபெல், என் பெஞ்சுக்காரி. வெள்ளிக்கிழமை ஒரு கொய்யாக்காய் கொண்டுவந்தாள். பாவாடை நுனியால் அதை மூடி, காக்காக் கடி கடித்து, பாதியை எனக்குத் தந்தாள். துணி போட்டுக் கடித்தால் எச்சில் ஒட்டாது என்பது எங்கள் வகுப்புச் சட்டம். அன்றைக்கே அவள் குரல் தகரத்தில் ஆணி கீறியது மாதிரி இருந்தது. "தொண்டை கட்டியிருக்கு மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். இன்று அவள் பரீட்சை எழுதுகிறாள். நான் பாயில் கிடக்கிறேன்.

அப்பாவுக்குக் கோட்டாற்றில் மலைச்சரக்குக் கடை. அதனால் எங்கள் வீட்டில் மருந்துக்குப் பஞ்சமே கிடையாது. சுக்கு, நல்லமிளகு, திப்பிலி தட்டிப்போட்டு அம்மா ஒரு கஷாயம் வைத்தாள். தொண்டை வலியே தேவலை.

ஆகஸ்ட் 13

காய்ச்சல் விட்டது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி கட்டி, தொட்டால் நோவு. "கஷாயம் கேட்டுது பாத்தியா!" என்று அம்மா தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. கடையில் இன்று சுக்கு நன்றாக விற்றிருக்கும்.

செப்டம்பர் 20

பத்மநாபபுரத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம். பலசரக்குக் கடை, ஒரே பையன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் பள்ளி இறுதிப் பரீட்சை முடியட்டும் என்றேன். "பரீட்சை எழுதி என்னட்டி செய்யப் போற? புருஷன் கடையில பொட்டலம் கட்டதுக்குப் படிப்பு வேணுமா?" என்றார். ரசம் ஊற்றினேன். வேண்டுமென்றேதான் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன்.

எனக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14, திங்கள்

இன்று உடைந்தது மூன்றாவது கண்ணாடித் தம்ளர். கையில் பிடித்தபடிதான் இருந்தேன். கை தானாகத் துள்ளியது, தம்ளர் பறந்தது. "கையில என்ன வாதமாட்டி? மனசு எங்க நிக்கு?" என்று அம்மா கத்தினாள். மனசு இங்கேதான் நின்றது. கைதான் எங்கோ போனது.

நவம்பர் 18, வெள்ளி

பள்ளி ஜெபத்தில் கண்ணை மூடி நின்றபோது என் முகம் கோணுகிறதாம். புருவம் ஏறுகிறது, வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. சிஸ்டர் தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து வெளியே முட்டி போட வைத்தார். முட்டி போட்ட இடத்திலும் தோள் குலுங்கியது. "சிரிக்கியா?" என்று இன்னும் அரை மணி நேரம். நான் சிரிக்கவே இல்லை. பிறகு காரணமே இல்லாமல் அழுகை வந்தது, அது முடிந்ததும் காரணமே இல்லாமல் சிரிப்பு.

இந்த எழுத்தைப் பார், கோணல்மாணலாக. இதற்கு முந்தைய பக்கத்தை எழுதியது வேறு யாரோ.

நவம்பர் 25, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை விட்டால்.

சாயங்காலம் அம்மாவோடு முத்தாரம்மன் கோயிலுக்குப் போனேன். தீபாராதனை. மேளக்காரர் அடித்தார். என் வலது கை மேலே போனது. நான் தூக்கவில்லை. தோள் வெட்டியது, தலை சாய்ந்தது, நாக்கு வெளியே வந்து உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. கையிலிருந்த தேங்காய்த் தட்டு சன்னிதியில் போய் விழுந்தது. எனக்கு அவமானத்தில் உயிர் போயிற்று. அடி விழும் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மன் எறங்கியிருக்கா!" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் குரவையிட்டார்கள்.

இந்தக் கோயிலில் வருஷா வருஷம் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் ஆடி வாக்குச் சொன்னவள் சொர்ணம்மாள். அவள் இறந்து இரண்டு கொடை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மன் யார்மேலும் இறங்கவில்லை. கோயில் தலைவர் முத்துநாயகம் பெரியப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், முரட்டு ஆள், கண் கலங்கி நின்றார். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். போன மாதம்தான் வாசலில் நின்று பேசியதற்கு என்னைத் திட்டியவர்.

டிசம்பர் 3

அம்மன் உத்தியோகம் மோசமில்லை.

பாத்திரம் தேய்க்க வேண்டாம் (தந்தால்தானே உடையும்). முதல் தோசை எனக்கு. அப்பா என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் சேலை கட்டிக் கோயிலில் உட்காரவேண்டும், அவ்வளவுதான் வேலை. நேற்று ஒருவர் மாட்டைக் காணவில்லை என்று வந்தார். நான் யோசிக்கும் முன்பே கை வடக்கே துள்ளியது. மாடு வடக்கே இருந்தது. இப்போது பக்கத்து ஊரிலிருந்தும் வருகிறார்கள்.

டிசம்பர் 11, ஞாயிறு

பத்மநாபபுரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா முதலில் வேண்டாம் என்றார், பிறகு வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார். காப்பித் தட்டோடு போனேன். தட்டு மாப்பிள்ளையின் மாமா மடியில் இறங்கியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு நீண்டது. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "ஜாதகம் பாத்துட்டு ஆள் விடுதோம்" என்றார்கள். வண்டி ஏறிய வேகத்தில் மாப்பிள்ளையின் ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது.

நான் அறைக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். தாயே முத்தாரம்மா, நூறு வயசு இரு.

டிசம்பர் 29

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு கண்டபடி அடிக்கிறது. அம்மனைச் சுமப்பது சும்மாவா என்கிறாள் அம்மா.

1950 ஜனவரி 17, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். பெயர் எலிசா. கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாள ராகம். வரிசையில் என் முறை வந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடி பிள்ளே, விடப்படாது" என்றார். பிடித்தேன். என் விரல்கள் இறுகி, தளர்ந்து, இறுகின.

"என்ன, பால் கறக்கியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. நாக்கை நீட்டி அப்படியே வை என்றார். முடியவில்லை, பல்லி மாதிரி உள்ளே ஓடிவிடுகிறது. "தூங்கும்போது கை ஆடுமா?" இல்லை என்றேன், அம்மா பார்த்திருக்கிறாள். "ஓணத்துக்கு முன்ன பின்ன தொண்டை நொந்துதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாளுக்கு யார் சொன்னது? ஆமாம் என்றேன். கொய்யாக்காய்க் கதையையும் சொன்னேன்.

பிறகு நெஞ்சில் குழாயை வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

தொண்டையில் வந்தது ஒரு கிருமி. பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது நாலு நாளில் போய்விட்டது, ஆனால் சும்மா போகவில்லையாம். "அதோட சண்டைக்கு உடம்பு ஒரு படை கூட்டிச்சு. கிருமி போனது தெரியாம அந்தப் படை இப்ப உன்னையே அடிக்குதாக்கும். மூளையில கொஞ்சம். அதான் கை ஆடுது. அது தானே சரியாவும், பயப்படாண்டாம்."

"நெஞ்சு?"

"அதுக்குத்தான் நான் பயப்படுதேன்."

இதயத்தில் வால்வு என்று ஒரு கதவு, அது வீங்கியிருக்கிறது. இப்போது அசையாமல் படுத்தால் தப்பிக்கலாம். ஓடி ஆடினால் கதவு கெட்டுப் போகும், பிறகு சாகிறவரை மூச்சிரைப்புதான், அந்தச் சாவும் சீக்கிரம் வரும். இதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. பெரியவளிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

ஜனவரி 19

டாக்டர் வீட்டுக்கே வந்தார். அப்பா, முத்துநாயகம் பெரியப்பா, அம்மா. நான் கதவுக்குப் பின்னால்.

"இது தீனமாக்கும், சாமி இல்ல. மூணு மாசம் ஆஸ்பத்திரியில படுக்கணும்" என்றார் டாக்டர்.

"தூங்கும்போது கை நிக்குன்னு சொல்லுதியோ. அம்மன் தூங்குற பிள்ளைய எழுப்புவாளா?" இது அம்மா.

கொடை தை கடைசிச் செவ்வாய், பிப்ரவரி ஏழு. நடுப்பகல் உச்சிக்கொடைக்கு நான் ஆட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. டாக்டர் எழுந்து நின்று, "ஆடினா பிள்ளை நெஞ்சு தாங்காது கேட்டியளா" என்றார்.

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "டாக்டரம்மா, ரெண்டு வருஷமா எங்க தாய் வாய் தொறக்கல. ஊரே அனாதை மாதிரி நிக்கு. இப்பம் வந்திருக்கா. வந்தவள வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியளா? பிள்ளைய அவ பாத்துக்கிடுவா" என்றார்.

அப்பா கடைச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்பா, ஏன் பேசவில்லை?

ஜனவரி 20

பயமாக இருக்கு. எனக்குச் சாக வேண்டாம்.

ஜனவரி 26, வியாழன்

குடியரசு நாள். பள்ளியில் கொடி, மிட்டாய். நான் போகவில்லை. இசபெல் என் பங்கு மிட்டாயைக் கொண்டுவந்தாள். (பாதியைத் தின்றுவிட்டு. காக்காக் கடி இல்லை, நேர்க் கடி.)

ஒரே கொய்யாக்காய், ஒரே தொண்டை வலி. அவளுக்கு ஒன்றுமே இல்லை. டாக்டரிடம் அவளும் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தாள். நூறு பேருக்கு இப்படித் தொண்டை நொந்தால் இரண்டு மூன்று பேருக்குத்தான் எனக்கு வந்தது வருமாம். "எங்க மாதா என்னக் காப்பாத்திட்டா. உங்க அம்மன் உன்ன மாட்டி விட்டுட்டா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். கொய்யாக்காயைத் தந்தது அவள்தானே. போடி, வாங்கித் தின்றது நான் என்றேன்.

போகும்போது கேட்டாள். "கொடையில அம்மன் வந்தா என்ன செய்வாவ?"

"தாயே என்ன வேணும்னு கேப்பாங்க. அவ எதக் கேட்டாலும் குடுத்தாகணும். சொர்ணம்மாள் ஒரு வருஷம் வெள்ளிக் கிண்ணி கேட்டா. இன்னொரு வருஷம் கொளத்தைத் தூர் வாரச் சொன்னா. வாரினாங்க."

"அப்பம் கேளுட்டி."

பிப்ரவரி 2

நேற்று முழுக்க அதையே யோசித்தேன். அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னால்? கண் போய்விடும் என்று அம்மா சின்ன வயதில் சொல்லியிருக்கிறாள். கண் போனாலும் பரவாயில்லை, நெஞ்சு இருக்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. கண்ணும் வேண்டும் என்று மறு நேரம்.

பிப்ரவரி 5

இன்னொன்றும் எழுத வேண்டும், உண்மையாக. ஆஸ்பத்திரிக்குப் போனால் கை நின்றுவிடும். கை நின்றால் நான் அம்மன் இல்லை. மறுபடி ஏட்டி. பாத்திரம், மாப்பிள்ளை, பொட்டலம். அப்பா என் பேச்சைக் கேட்டு நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வாழ்க்கையில் இப்போதுதான் முதல் முறை. இதை விட மனசு வரவில்லை. சீ.

பிப்ரவரி 9, வியாழன்

எழுத்து தாறுமாறு. ஆனாலும் எழுதாமல் முடியாது. நர்ஸ் பார்த்தால் பேனாவைப் பிடுங்குவாள், போர்வைக்குள் எழுதுகிறேன்.

செவ்வாய் உச்சிக்கொடை. வெயில். கோயில் முற்றத்தில் ஊசி போட இடமில்லை. எனக்கு மஞ்சள் சேலை, கழுத்து நிறையப் பிச்சிப்பூ, கையில் வேப்பிலை. நையாண்டி மேளம் தொடங்கியதும் கை, தோள், முகம் எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். இரண்டு அடி வைத்தேன். நெஞ்சு தொண்டைக்கு ஏறியது. மூன்றாவது அடியில் கண் இருட்டியது, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வருவது தெரிந்தது.

மேளம் நின்றது. பெரியப்பா கைகட்டி, "தாயே, பிள்ளைய ஏன் ஒக்கார வச்சுட்ட? என்ன கொறை? என்ன வேணும், கேளு தாயே" என்றார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. நாக்கு வேறு இழுத்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தடுக்கித் தடுக்கி வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை.

"எனக்கு… கட்டில் வேணும்."

"கட்டிலா? செஞ்சு வச்சிருவோம் தாயே. தேக்குல செய்யவா?"

"ஆஸ்பத்திரிக் கட்டில்."

காக்காய் மட்டும் கத்தியது.

"எலிசா டாக்டர்… கட்டில். இந்தப் பிள்ளைய… அதுல படுக்க வையி. இன்னைக்கே. ஊசி போடச் சொல்லு. இவ ஆடாண்டாம். நான்… ஆடினது போதும்."

பெரியப்பா, "தாயே… நீ போறியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். இவரை இப்படி விட்டுப் போகக்கூடாது என்று தோன்றியது. ஏதாவது கொடுக்க வேண்டும். அடுத்து வந்த வார்த்தைகளை நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக.

"போவல. ஊர்ல எந்தப் பிள்ளைக்குத் தொண்டை நொந்தாலும் எங்கிட்ட கொண்டு வா. குங்குமம் வச்சு, அங்க அனுப்பு. கஷாயத்தோட நிறுத்தாத. இது என் உத்தரவு."

குரவை கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அம்மன் கேட்ட கட்டிலுக்கு அம்மனை வெறும் வண்டியிலா கொண்டுபோவது? வில்வண்டியில் வேப்பிலை கட்டி, என்னைப் படுக்கவைத்து, முன்னால் நையாண்டி மேளம், பின்னால் ஊர். கோட்டாறு கடைத்தெருவில் ஆட்கள் கடையை விட்டு இறங்கிக் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மேளம் முழங்க, எலிசா டாக்டர் காதில் மாட்டிய குழாயோடு வெளியே ஓடி வந்தார்.

"அம்மன் உத்தரவு" என்றார் பெரியப்பா. "கட்டில் எங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தெக்குப் பக்கம் ஒண்ணு காலியா கெடக்கு" என்றார். பெரியப்பா கட்டிலின் நாலு காலுக்கும் மஞ்சள் பூசிவிட்டுத்தான் போனார்.

கல்லூரியையும் அப்போதே சேர்த்துக் கேட்டிருக்கலாம். மறந்துபோய்விட்டேன், மண்டு.

பிப்ரவரி 20

தினமும் பென்சிலின் ஊசி. உட்கார முடியவில்லை. உட்காரவும் கூடாதாம், அதனால் பரவாயில்லை. ஆஸ்பிரின் தின்று காதில் வண்டு பறக்கிறது.

அப்பா தினமும் கடை அடைத்ததும் வருகிறார். இன்று யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "நீதானே சொன்ன?" என்றார்.

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"மிளகுச் சாக்கத் தொட்டே உள்ள என்ன கெடக்குன்னு சொல்லுவேன். எம் பிள்ள கொரல் எனக்குத் தெரியாதா?" சுளையை என் வாயில் வைத்தார். "டாக்டர் வந்த அன்னைக்கே எனக்கு உன்ன இங்க கொண்டு சேக்கணும்னுதான் இருந்தது. ஊர எதிர்க்க எனக்குத் தைரியம் இல்ல மக்கா. நீ சொன்னப்பம் எனக்கு உயிர் வந்துது."

கடைசியில் சொன்னது நானா என்று எனக்கே தெரியவில்லை என்று சொன்னேன். "அத அவகிட்டயே விட்டிரு" என்றார். அப்பா என்னை மக்கா என்று கூப்பிட்டது ஞாபகமே இல்லை, எத்தனை வருஷம்! ஆரஞ்சு புளிப்பு. முழுதும் தின்றேன்.

மார்ச் 13

இசபெல் பரீட்சை எழுதுகிறாள். நான் விட்டத்தில் பல்லி எண்ணுகிறேன்.

ஏப்ரல் 22

இன்று இரண்டு விரலையும் பிடித்தேன். டாக்டர், "பால் கறக்க மறந்துட்டியா?" என்றார். நாக்கை நீட்டினேன். அது அப்படியே நின்றது. இதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா? நான் பட்டேன். வார்டு முழுக்கப் போய் எல்லோரிடமும் நாக்கை நீட்டிக் காட்டினேன்.

நெஞ்சில் இன்னும் ஒரு சத்தம் இருக்கிறது. ஊதுவது மாதிரி, மெல்லியதாக. இனிமேல் வருஷக்கணக்காக தினமும் ஒரு சல்பா மாத்திரை. மறுபடி ஒரு தொண்டை வலி வந்தால் என் நெஞ்சு தாங்காது. கொய்யாக்காயை இனி முழுசாகத்தான் தின்ன வேண்டும்.

மே 6

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். வாங்கினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நல்லாயிட்டேன்லா, எதுக்கு அழுக?"

"நீ நல்லாயிட்ட" என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "அவ போயிட்டாளே" என்றாள்.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனேன். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

1951 ஜூன் 4

பள்ளி இறுதியில் தேறிவிட்டேன். கணக்கில் மயிரிழை.

மாப்பிள்ளைப் பேச்சு வரும் என்று பயந்துகொண்டு இருந்தேன். அப்பாவே தொடங்கினார். "கல்லூரியில என்னைக்குச் சேக்கணும்?"

அம்மா பதறி, மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா, நெஞ்சுச் சத்தத்தை வெளியே சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்றாள். "பப்பாளி வெதயக் கலந்து மிளகுன்னு விக்க ஆளு நான் இல்ல" என்று அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. எத்தனை மாதம் அம்மனாக இருந்தும் கேட்கத் தைரியம் வராததை, அப்பா மோர் குடித்துக்கொண்டே தந்துவிட்டார்.

1953 பிப்ரவரி

கொடைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வந்தேன். அம்மன் யார்மேலும் இறங்கவில்லை. பெரியப்பா வாட்டமாக இருப்பார் என்று நினைத்தேன். மனுஷர் பரபரப்பாக இருந்தார். சன்னிதியில் ஒரு பையனுக்கு வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, நெற்றியில் குங்குமம் இட்டு, "ம், எலிசா டாக்டர், இன்னைக்கே போணும்" என்றார். "அவ உத்தரவு" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

1955 செப்டம்பர் 15

லேப் படிப்பு முடிந்து எலிசா டாக்டரின் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இன்று ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து எடுத்ததை வளர்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இருந்தது. உருண்டை உருண்டையாக, வரிசையாக, பிச்சிப்பூச் சரம் கோத்த மாதிரி. உன்னைப் பற்றி ஆறு வருஷமாகக் கேள்விப்படுகிறேன், இன்றுதான் முகம் பார்க்கிறேன். இவ்வளவு அழகாக இருப்பாய் என்று யாரும் சொல்லவில்லை, சனியனே.

1956 நவம்பர் 1, வியாழன்

மலையாளச் சீமையோடு இருந்த நாங்கள் இன்றிலிருந்து சென்னை ராஜ்ஜியம். கோட்டாற்றில் பட்டாசு. இசபெல் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் கடித்த வாழைப்பழத்தை என் வாயில் திணிக்கப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம்.

டாக்டர் வழக்கம் போல நெஞ்சில் குழாயை வைத்தார். "அந்தச் சத்தம் கேக்கவே இல்லையே" என்றார். மறுபடி வைத்தார். "இல்ல."

மாத்திரையை நிறுத்தலாமா? கூடாதாம்.

நவம்பர் 6, செவ்வாய்

காலையில் ஓர் அம்மாளும் ஏழு வயதுப் பையனும் வந்தார்கள். பையன் பெயர் ஜெயசிங். நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம். தொண்டையில் பஞ்சை விட்டு எடுக்கவேண்டும், அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவனைச் சமாதானம் செய்ய அந்த அம்மாள் கதை சொன்னாள்.

"முன்ன ஒரு பிள்ளை இருந்துதாம் மக்கா. அதுமேல முத்தாரம்மன் எறங்கி, தொண்டை நொந்தா ஆஸ்பத்திரிக்குப் போணும்னு சொன்னா. சொல்லிட்டு, இங்க ஒரு கட்டில்ல படுத்து, படுத்தபடியே மறைஞ்சிட்டா. அந்தப் பிள்ளையத் தாயி தன்கூடவே கூட்டிட்டுப் போயிட்டா. இப்பமும் தெக்குக் கட்டில்ல யாரையும் படுக்க விடமாட்டாவளாம்."

தெற்குக் கட்டிலில் குடலிறக்கக்காரர் ஒருவர் நேற்றிலிருந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

"நீ அந்தப் பிள்ளையப் பாத்திருக்கியா மக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். பையனிடம் குனிந்து, "எங்க, நாக்க நீட்டு பாப்போம்" என்றேன். நானும் நீட்டிக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்து வாய் திறந்தது. பஞ்சு உள்ளே போய் வந்துவிட்டது.

சீட்டு எழுத வேண்டும். "வலி எப்பம் தொடங்கிச்சு?"

"நேத்து சாயங்காலம்" என்றாள். கொஞ்சம் பயந்து, குற்றம் செய்தவள் மாதிரிச் சேர்த்துக்கொண்டாள். "நேத்தே வந்திருக்கணும். கடைசி பஸ் போயிட்டுது மக்கா."